பஸ் மாமாவின் நாற்காலி

அன்பு மருமகளுக்கு, உன் தாய்மாமன் ஆசியோடு எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நான் கூடுதலாகவே சுகம். போன வாரம் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், இருபது வயதுக்காரனுக்குக்கூட இப்படி இருக்காது என்று எழுந்து நின்று கைகொடுத்தார். உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள், அதனால் திருத்துகிறேன். எழுந்து நிற்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. கடையில் வேலை தலைக்கு மேல். எந்த வண்டி பஞ்சரானாலும் டயர் தானே உருண்டு நம் கடைக்கு வந்துவிடுகிறது, அதனால்தான் தாமதம் என்று எழுத நினைத்தேன். "நாலு நாளா கடையத் தொறக்கவே இல்ல, அதையும் எழுதுங்க" என்கிறாள் அத்தை. எழுதிவிட்டேன்.

நீ அங்கே பயிற்சிக்குப் போன புதிதில் எழுதியதெல்லாம் எனக்கு மனப்பாடம். வீடென்று சொல்லிக்கொள்ள ஒன்றில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டபின் பாடம் சொல்லித் தருகிற இடம். பிள்ளைக்கு எதிரே உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். தப்பாக எழுதினால் ரப்பரை நீ எடுக்கக் கூடாது, பிள்ளையே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்ய முடியாத எதையும் செய்வதாகச் சொல்லிவிடக் கூடாது. நாளைக்கு வருகிறேன் என்பதைக்கூட யோசித்துத்தான் சொல்ல வேண்டுமென்று மேற்பார்வை அம்மா முதல் நாளே சொன்னாராம். நானும் படித்தேன். படித்துவிட்டு என்ன செய்தேன் பார்.

எந்தப் புத்தகத்தையும் தொடாத எட்டு வயதுப் பிள்ளை, உன் மாமா கதையென்றால் மட்டும் காது கொடுக்கிறாள் என்று எழுதினாய். கேட்க வேண்டுமா? நான் எழுதினேன். நீ அதை அவர்கள் மொழியில், பெரிய எழுத்தில் எழுதி வைத்தாய். ஒற்றைக் கையால் பஸ்ஸைத் தூக்கினேன் என்ற வரிதான் அந்தப் பிள்ளை யார் துணையும் இல்லாமல் முழுசாகப் படித்த முதல் வரி. ஊமை மாதிரி இருந்தவள் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்றாய். சில்வண்டு என்று நான்தான் பெயர் வைத்தேன். தெருவில் ஒருவர் விடாமல் சொன்னேன், கடல் தாண்டிப் பாடம் நடத்துகிறேன் என்று.

அந்தக் குஷியில்தான் நாலாவது கடிதத்தில், டிக்கெட் எடுத்தாயிற்று, அடுத்த மாதம் வருகிறேன், எனக்கொரு நாற்காலி பிடித்து வை என்று எழுதினேன். நீயும் நம்பினாய். உன் அத்தையும் நம்பினாள்.

இப்போது சில்வண்டு தினமும் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, யாரையும் அதில் உட்கார விடுவதில்லையாமே. தங்கள் வீட்டிலேயே வைத்து வளர்க்கிறோம் என்று ஒரு புருஷனும் பெண்சாதியும் இரண்டு தடவை வந்தும், "பஸ் மாமா வருவாரு, நான் இல்லேன்னா தேடுவாரு" என்று மேசைக் காலைப் பிடித்துக்கொண்டாளாமே. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை வருகிறார்கள், அன்றைக்கும் போக மாட்டேனென்றால் அந்த வீடு வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்றும் எழுதியிருக்கிறாய். "நான் சொன்னா நம்ப மாட்டா மாமா, நீங்களே உண்மைய எழுதுங்க" என்று கேட்டிருக்கிறாய்.

எழுதாமல் தப்பிக்கப் பார்த்தேன். நேரிலேயே போய்விட்டால் பொய் பொய்யாகாதே என்று பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், "அங்க உங்களுக்கு யாரு இருக்காங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டது. என் மருமகள் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் நினைவுக்கு வந்தது சில்வண்டுதான், அவள் எனக்கு யார்? விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்தேன்.

இத்துடன் ஒரு கவுன் அனுப்புகிறேன். நான் கிளம்பும்போது கொடுத்தனுப்ப உன் அத்தை தைத்தது. எங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே, எதிர்வீட்டுக் குழந்தைக்கு அளவெடுத்தாள். அதை நீ கொடுக்காதே. வெள்ளிக்கிழமை வருகிற அந்த அம்மா கையில் கொடு, அவரே போட்டுவிடட்டும். எங்கள் பெயர் வேண்டாம். நான் இப்படிச் சொல்வது உனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கீழே உள்ளது பிள்ளைக்கு. வழக்கம்போல் அவர்கள் மொழியில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடு, ஆனால் நீ வாசித்துக் காட்டாதே, அவளே படிக்கட்டும். படித்து முடிக்கிறவரை பக்கத்தில் இரு, எதிரே உட்காராதே. நீ நல்லா இருக்கணும், தாயி.

உன் மாமா

சில்வண்டுக்கு,

பஸ்ஸைத் தூக்கியது நான் இல்லை. ஜாக்கி என்று ஓர் இரும்புச் சாமான் இருக்கிறது, அது தூக்கியது. நான் அதன் பிடியைச் சுற்றினேன், அவ்வளவுதான்.

டிக்கெட்டும் எடுக்கவில்லை. நான் வர மாட்டேன். நீ காத்திருந்ததில் தப்பே இல்லை. பொய் சொன்னது நான்.

வெள்ளிக்கிழமை வருகிறவர்கள், வருகிறோம் என்று சொல்லி இரண்டு தடவையும் வந்தவர்கள். அந்த நாற்காலியில் அவர்களை உட்கார வை.

நான் சொன்னதில் நிஜம் ஒன்று உண்டு. நீ நன்றாகப் படிக்கிறாய். இதையும் நீயேதான் படித்தாய்.

போய் வா, கண்ணு.

பஸ் மாமா