பதிலைப் படிக்கத் தெரியாத கேள்வி

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் நலத்தைக் கேட்கத்தான் வாய் கூசுகிறது. நீ போனை எடுக்காததால் நம் பெரியவளின் மெயிலுக்கு எழுதுகிறேன்.

வாடிக்கையாளர்களுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் புரோகிராமை ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதும் வேலையை, பள்ளிப் படிப்பைத் தட்டுத் தடுமாறித் தாண்டிய என்னை நம்பி ஆபீஸில் கொடுத்தார்கள். நாம் வேறு வேலை பார்த்தாலும் அது பின்னணியில் ஓடும். எனக்கு மனப்பாடமான ஒரே எண் உன்னுடையது என்பதால் அதிலேயே சோதித்தேன். மதியமானால் "சாப்பிட்டியா?" என்று கேட்கும். "சாப்பிட்டேன்" என்று வரும்வரை விடாது. நான்தான் கேட்கிறேன் என்று நீ ஆசையாகப் பதில் போட்டதால் நிறுத்த மனம் வரவில்லை.

நேற்று நீ "காய்ச்சல், எழுந்திரிக்கவே முடியல" என்று எழுத எழுத, அந்த மூதேவி "சாப்பிட்டியா?" என்றே கேட்டிருக்கிறது. நான் மீட்டிங்கில் இருந்தேன்.

பக்கத்து சீட்டுக்காரன் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க எழுதுனதுலயே ஒழுங்கா ஓடுறது இது ஒண்ணுதான். அண்ணி இனி உங்கள விடமாட்டாங்க" என்கிறான்.

அதை நிறுத்திவிட்டேன். உட்கார முடியாமல் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். டாக்டரிடம் போனாயா? பெரியவளைக் கஞ்சி வைத்துத் தரச் சொல். திட்டுவதானால் எழுதாதே, குரல் பதிவாக அனுப்பு, கேட்டு நாளாகிறது.

மேலாளர் கூப்பிடுகிறார். இனி நானே கேட்பேன். சில நாள் மறந்தும் போவேன். ஆனால் நீ சொல்லும் பதிலைப் படிப்பேன்.

உன் வீட்டுக்காரன்