கையெழுத்துக் கேட்காத கடிதம்

அன்புள்ள பேத்திக்கு, பாட்டி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. உன் நலம் அறிய ஆவல் இருக்கிறது. இங்குள்ள நலத்தை முழுக்கப் படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் அடித்தால் உன் அப்பா எழுந்து நிற்கிறான். நான் பேசி முடிக்கிறவரை சுவரோரமாக நிற்கிறான். உட்காருடா என்றால் உட்காருகிறான், நான் சொன்னதற்காக. அதனால் போனைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைக்காதே. கோபம் என்றால் எடுத்துத் திட்டுகிறவள் நான்.

நீ அனுப்பிய இருமல் மருந்து வந்தது. கசப்பு. மாடிக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரி பாத்திரம் நிறையக் கறிகாய் சமைத்துக் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை. உன் அப்பாவைப் பிடித்து வண்டியில் ஏற்றிய அன்று அவள் ஜன்னலைச் சாத்தினாள். ஓசை வராமல் மெதுவாகத்தான் சாத்தினாள். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசி, எல்லாம் எனக்கு அப்படியே தெரிகிறது. உன் அப்பா ஓட்டும் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறானே விசில், அவன் சொல்கிறான், பயந்திருப்பாள், விடுங்கள் என்று. பயந்திருக்கட்டும். நானும்தான் பயந்தேன். உன் அம்மா இறந்த வருஷம் என் இஸ்திரிப் பெட்டியை வாங்கிப்போய் அடியைத் தீய்த்துக் கொடுத்தவள் அவள். அதையே நான் இன்னும் விடவில்லை.

நம் வக்கீல் வந்திருந்தார். டிப்போ சுவரில் ஒட்டியிருந்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று நீ கேட்டிருக்கிறாயாம். தாளை அதிகாரிகள் எடுத்துப்போய்விட்டார்கள், பிரதி இல்லை என்று கையைப் பிசைந்தார். எனக்கு வரி வரியாகத் தெரியும். உன் அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எழுதினான், ஒவ்வொரு வரியையும் என்னிடம் படித்துக் காட்டினான். நீயும் தெரிந்துகொள்.

நீ சட்டம் படிக்க அந்த நாட்டுக்குப் போன புதிதில் எழுதுவாயே, எந்த நாட்டில் அரசியல் சட்டம் அரசாங்கத்துக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறது, எங்கே நிறுத்துகிறது என்று. அதையெல்லாம் அவன் முதலில் எனக்குப் படிப்பான், பிறகு டிப்போ ஓய்வறைக்குக் கொண்டுபோவான். ஒரு நாட்டில் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவரால் சபையைக் கலைக்க முடியாது என்று எழுதினாய். இன்னொரு நாட்டில் சபைக்கு நம்பிக்கை போனால் பிரதமர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேறொன்றில் மாகாணங்கள் தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டிருக்கின்றன. இன்னொன்றில் அரசியல் சட்டமென்று அப்படி ஒரே புத்தகமே கிடையாது, பழைய சட்டமும் பழக்கவழக்கமுமாகவே ஓடுகிறது என்று நீ எழுதியபோது, அப்படியென்றால் அது நம் வீடு மாதிரி என்று நான் சொன்னேன். உன் தாத்தா சொன்னதெல்லாம் சட்டம், நான் செய்ததெல்லாம் வழக்கம். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

டிப்போவில் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. டைம் கீப்பர் இரண்டாவது டியூட்டி போட வந்தால், எந்தப் பிரிவின்படி என்று விசில் கேட்பானாம். அப்படி விளையாட்டாகக் கேட்டுக் கேட்டுத்தான், நமக்கும் ஒன்று எழுதினால் என்ன என்று வந்தது. பழைய காலண்டரின் பின்பக்கம். தலைப்பு, டிப்போவின் அரசியல் சட்டம்.

பஸ் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் டைம் கீப்பருடையது. தனக்குத் தூக்கம் வருகிறதா என்று சொல்லும் அதிகாரம் டிரைவருடையது. டபுள் டியூட்டி என்றால் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். முடியாது என்றால் காரணம் கேட்கலாம், கண்ணை உருட்டக் கூடாது. டைம் கீப்பர் செய்தது தவறென்று பட்டால் மூத்த டிரைவர் விசாரிப்பார், அவர் டைம் கீப்பருக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. பெருமழை, விபத்து, பாலம் உடைந்த நேரம் இவற்றில் டைம் கீப்பர் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கலாம். மழை நின்றதும் அந்த அதிகாரமும் நிற்கும். டீ முதலில் யாருக்கு என்பது பற்றி இந்தச் சட்டம் எதுவும் சொல்லாது, அது டீ கொண்டுவருகிறவர் இஷ்டம்.

அவ்வளவுதான். டைம் கீப்பரே சிரித்துக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டாராம். அவசரநிலை வந்து, தெருவில் பச்சை வண்டிகள் சுற்ற ஆரம்பித்த பிறகும் அந்தத் தாள் சுவரிலேயே இருந்தது. கிழிக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தினமும் பார்க்கிற சுவர், யார் கவனிக்கிறார்கள். அதிகாரிகள் வந்தபோது அது என் கையெழுத்தே இல்லை என்று டைம் கீப்பர் சொல்லிவிட்டார். அந்த ஆளையும் நான் விடுவதாக இல்லை.

வீட்டைச் சோதனை போட உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உன் கடிதங்களை எடுத்தார்கள். அடுக்களையில் என் முன்னால் வைத்துத்தான் கேட்டார்கள்.

"போட்டி அரசாங்கம் நடத்துறீங்களா?"

"பஸ்தான் சார் நடத்துறோம்."

"மழைன்னு எதைச் சொல்றே?"

"மழையைத்தான் சார். மேலேர்ந்து பெய்யுமே, அது."

யாரும் சிரிக்கவில்லை. அவன் பேசி நான் கேட்ட கடைசி வேடிக்கை அது.

நீ வக்கீலிடம் அழுததாகக் கேள்விப்பட்டேன். உன் கடிதங்களால்தான் எல்லாம் வந்தது என்று சொன்னாயாம். என் மனதில் ஒரு பட்டியல் இருக்கிறது, உனக்குத் தெரியும். தையல்காரி இருக்கிறாள், டைம் கீப்பர் இருக்கிறார், உன் பெரிய தாத்தா செத்தும் இருக்கிறார். நீ அதில் இல்லை. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

அவன் திரும்பி வந்ததைப் பற்றி உனக்கு நல்ல செய்தியாகத்தான் சொல்லியிருக்கிறேன். வந்தான் என்பது நல்ல செய்திதானே. தெரு முனையில் இறக்கிவிட்டார்கள். நடந்து வந்து கதவைத் தட்டினான். கதவு திறந்துதான் கிடந்தது. திறந்த கதவைத் தட்டிவிட்டு வாசலில் நின்றான். நான் எதிரே வந்து நின்றேன்.

"உள்ளே வரலாங்களா?"

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். அட போம்மா என்பது அவன் வாயில் காற்று மாதிரி. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அம்மாவிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள், இது மட்டும் ஏன் இப்படி என்று உன் தாத்தா அடித்துக்கூடப் பார்த்தார். இப்போது ங்க போடாமல் ஒரு பேச்சு இல்லை. தண்ணீர் குடிக்கலாங்களா. பாத்ரூம் போயிட்டு வரலாங்களா. கேட்டுவிட்டு நிற்கிறான். நான் பதில் சொல்ல மறந்தால் நின்றுகொண்டே இருக்கிறான்.

ஒருநாள் உப்புப் போட மறந்துவிட்டேன். உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவன், முழுவதையும் சாப்பிட்டான். நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. உப்பே இல்லையேடா, சொல்லக்கூடாதா என்றேன். சரிங்கம்மா என்றான். மறுநாள் வேண்டுமென்றே அள்ளிப் போட்டேன். அதையும் சாப்பிட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு சாப்பிட்டான். நான் தட்டைப் பிடுங்கினேன். பிடுங்கியதற்கும் சரிங்க என்றான். எனக்கு அழுகை வரவில்லை. போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

இனி மனு விஷயம். நீயும் வக்கீலும் சேர்ந்து எழுதிய மனுவை அவர் கொண்டுவந்தார். சட்டையைக் கசங்காமல் இழுத்துவிட்டு உட்கார்ந்தார், நல்ல மனுஷன், குரலை உயர்த்துவதில்லை. நம் நாட்டுப் புத்தகத்திலும் பிரிவு இருக்கிறது, காரணம் சொல்லாமல் ஆளை வைத்திருக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை, அவசரநிலையிலும் கோர்ட்டு கேட்கலாம் என்று விளக்கினார். பிடித்துவைத்த இடத்தில் நடந்ததையெல்லாம் உன் அப்பா சொன்னதாக எழுதி, கீழே அவன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அவன் எதையும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. விசிலும் மற்றவர்களும் கேள்விப்பட்டுச் சொன்னதை வைத்து நீங்கள் எழுதியது அது.

வக்கீல் பேனாவைத் திறந்து வைத்தார். உன் அப்பா தாளைப் பார்க்கவே இல்லை. பேனாவை எடுத்துக்கொண்டான்.

"எங்கேங்க போடணும்?"

நான் பேனாவை அவன் கையிலிருந்து வாங்கிவிட்டேன். வாங்கியதும் கையை மடியில் வைத்துக்கொண்டான். வக்கீலுக்கு முகம் மாறிவிட்டது. அம்மா, இது அவருக்காகத்தான் என்றார். அங்கே அவன் கையெழுத்துப் போட்ட இரண்டு தாளின் பிரதியையும் அவர்தான் எனக்குக் காட்டியிருந்தார். போட்டி அரசாங்கம் அமைக்கச் சதி செய்தேன் என்று ஒன்று. என்னை யாரும் துன்புறுத்தவில்லை என்று ஒன்று. இரண்டும் அவன் கையெழுத்துத்தான், வாலை இழுத்துச் சுழிப்பது வரைக்கும். அங்கேயும் எங்கேங்க போடணும் என்றுதான் கேட்டிருப்பான்.

வக்கீல் சொன்னதைத் தவறென்று நான் சொல்லவில்லை. கோர்ட்டு விடுமுறைக்கு முன்னால் போடாவிட்டால் காலம் கடந்துவிடும் என்றார். "புத்தகத்துல எல்லாம் இருக்குதும்மா. ஆனா அது தானா எந்திரிச்சு வராது. கேக்க ஒரு ஆள் வேணும்." உண்மைதான். அதே டிப்போ ஆட்கள் இன்னும் மூன்று பேர் காவலில் இருக்கிறார்கள். விசிலின் மைத்துனன் ஒருத்தன். இந்த மனு போனால் அவர்களுக்கும் வழி பிறக்கும். அதுவும் எனக்குத் தெரியும். விசில் நம் வீட்டுப் படியில் உட்கார்ந்து எதுவும் கேட்காமல் எழுந்து போகிறான். அவன் வாய்விட்டுக் கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

உன் கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தாய், பாட்டி, இதைத் தடுக்க உனக்கு என்ன அதிகாரம் என்று. கோபத்தில் எழுதியிருப்பாய், எழுத்தே சாய்ந்திருந்தது.

எனக்கு எல்லா அதிகாரமும் இருக்கிறது, கண்ணு. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் நில் என்றால் நிற்கிறான். தின் என்றால் தின்கிறான். நடு ரோட்டில் போய்ப் படு என்றாலும் எந்தப் பக்கம் தலை வைக்கட்டுங்க என்று கேட்பான். எந்த நாட்டு ராஜாவுக்கும் இப்படி ஒரு குடிமகன் கிடைத்திருக்க மாட்டான். நீ எழுதினாயே அத்தனை நாடுகள், ஒவ்வொன்றிலும் அரசாங்கத்துக்கு எதிரே மாட்டேன் என்று சொல்ல யாரோ ஒருத்தரை வைத்திருக்கிறார்கள், சபையோ, கோர்ட்டோ, மாகாணமோ. இந்த வீட்டில் எனக்கு எதிரே அப்படி யாரும் இல்லை. அதனால் நானே என்னை நிறுத்திக்கொண்டேன். அவன் படித்துப் பார்த்து, போடுகிறேன் என்று சொன்னால் போடட்டும். போட மாட்டேன் என்று சொல்லக்கூடியவன் போட்டால்தான் அது கையெழுத்து. அதற்குள் கோர்ட்டு மூடிவிடும் என்றால் மூடட்டும். மனுவை வக்கீலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். விசில் கேள்விப்பட்டிருப்பான். நேற்று அவன் படிக்கு வரவில்லை.

நீ கோபப்படு. உன் பட்டியலில் என்னை முதலில் போட்டுக்கொள். எங்கள் வம்சத்தில் பட்டியல் இல்லாதவர் இல்லை.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். அவனுக்கு ஒரு கடிதம் எழுது. எனக்கு இல்லை, வக்கீலுக்கு இல்லை, அவனுக்கு. அதில் சட்டம் வேண்டாம், எந்த நாடும் வேண்டாம். எதிலும் கையெழுத்துக் கேட்காதே. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தலைமுடியைக் கழுத்துவரை வெட்டப்போகிறேன் என்று நின்றாயே, நினைவிருக்கிறதா? வெட்டிட்டு வந்து பாரு, வீட்டுக்குள்ள விடுறேனான்னு என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். நீ பட்டினி கிடந்தாய். அவனும் பட்டினி கிடந்தான். நான் உன் கட்சி. கடைசியில் கண்ணாடி முன்னால் நின்று நீயே வேண்டாம் என்று விட்டுவிட்டாய்.

அதை எழுது. முடியை வெட்டப்போகிறேன், அப்பா, உனக்குச் சம்மதமா என்று கேட்டு எழுது. காது தெரிய வெட்டுவேன் என்று எழுது. நானே அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன். மெதுவாகப் படிப்பேன், கண் மங்கல், எனக்கு எழுத்துக்கூட்ட நேரமாகும், அதற்குள் அவன் யோசிக்கட்டும். சரிங்க என்று சொன்னால் நான் உனக்கு எழுத மாட்டேன், நீயே புரிந்துகொள். வேறு எது சொன்னாலும், உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டினாலும், அலமாரியிலிருந்து போனை எடுத்து அன்றைக்கே உன்னைக் கூப்பிடுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சாப்பிடு, சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்.

நீண்ட ஆயுளும் நீண்ட கூந்தலுமாக இரு.

இப்படிக்கு,
உன் வரவை அல்ல, உன் கடிதத்தை எதிர்பார்க்கும்
பாட்டி