மெய்ப்பில் காணாமல்போன 'ஆம்'

காக்ஸ் டவுன்காரிக்கு,

இன்று காலை காபி ஆறுவதற்குள் வாட்ஸ்அப்பில் மெய்ப்பு வந்துவிட்டது. நம் சனிக்கிழமை வட்டம் வருடா வருடம் கொண்டுவரும் மலரில் இந்த முறை உனக்கென்று ஒரு பக்கம். எழுதியவள் நான். உன் படம் நன்றாக வந்திருக்கிறது. வழக்கம்போல் கேமராவை முறைத்துக்கொண்டிருக்கிறாய். கட்டுரையின் கடைசி வரியில்தான் ஒரு 'ஆம்' காணோம். "எல்லோரையும் மன்னித்துவிட்டேன் என்று கடைசியாகச் சொன்னாராம்" என்று எழுதி அனுப்பியிருந்தேன். "சொன்னார்" என்று வந்திருக்கிறது.

காற்புள்ளியைத் தூக்கியிருந்தால் விட்டிருப்பேன். என் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தால்கூட ரெண்டு முறை முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பேன். இதை விட முடியவில்லை. விட முடியாதபடி என்னைக் கெடுத்து வைத்துவிட்டுப் போனவள் நீதான். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

உடனே செயலாளருக்கு போன் செய்தேன். மனுஷர் நிதானமாகத்தான் பேசினார்.

"ஆம் போட்டா எகத்தாளமா படுதும்மா. செத்தவங்களோட கடைசி வார்த்தை. வந்தானாம், போனானாம்னு அக்கம்பக்கத்துல பேசிக்கற மாதிரி இருக்கு. அவங்க வீட்டுக்காரரும் படிச்சுட்டு ரொம்ப வருத்தப்பட்டார். அவர் சொல்லித்தான் எடுத்தேன்."

"நான் அங்க இல்லையே சார். எனக்கு அவர் சொன்னதுதானே?"

"எல்லாமே யாரோ சொன்னதுதானம்மா. மத்தியானத்துக்குள்ள ஓகே சொல்லிடுங்க, பிரெஸ்ஸுக்குப் போகணும்."

எல்லாமே யாரோ சொன்னதுதானாம். சொந்த வாழ்க்கையை எழுதக் கூடுகிற வட்டத்தின் செயலாளர் பேசுகிற பேச்சா இது? நீ இருந்திருந்தால் அவரை உட்காரவிட்டிருக்க மாட்டாய்.

அல்சூர் மார்க்கெட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த அறையை நினைத்துக்கொள்கிறேன். தமிழில் எழுதிப் பார்க்க ஆசைப்பட்ட ஏழெட்டுப் பேர். நான் முதல்முறை வாசித்தது என் அப்பா இந்த ஊருக்கு வேலைக்கு வந்த கதையை. "அப்பா கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கிய காலையில் மழை பெய்துகொண்டிருந்தது" என்று ஆரம்பம். வாசித்து முடித்ததும் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அப்போதுதான் ஜன்னலோர நாற்காலியிலிருந்து உன் குரல் வந்தது.

"நீ இருந்தியா அங்க?"

"எங்க?"

"ஸ்டேஷன்ல."

"எங்கப்பாவுக்கு அப்ப கல்யாணமே ஆகலை."

"அப்ப மழை எப்படித் தெரியும்?"

"பெங்களூர்ல மழை பெஞ்சிருக்காதா?"

"சும்னே அழகுக்காக மழை பெய்ய வைக்காதே மேடம். அப்பா சொன்னாரா? பெய்ததாம்னு போடு. சொல்லலையா? மழையை நிறுத்து."

கண்ணைத் துடைத்தவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். உன்னை அதற்குமுன் எனக்குத் தெரியவே தெரியாது. மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறி மல்லேஸ்வரம் போய்ச் சேரும்வரை உனக்குச் சொல்ல வேண்டிய பதில்களை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாமே அருமையான பதில்கள். ஒன்றையும் நேரில் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அதே சண்டை. 'ஆம்' போட்டால் கிசுகிசு மாதிரி இருக்கிறது, எழுதுகிறவளுக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி இருக்கிறது என்றேன் நான். அதற்கு நீ கேட்டாய்: "கன்னடக்காரங்க நம்ம 'ஆம்' மாதிரி 'அந்தெ' போடாம அடுத்த வீட்டு விஷயத்தைச் சொல்றாங்களா? நம்ம ஊர்ல இங்கிலீஷ் பேசறவங்ககூட வாக்கியத்துக்கு வாக்கியம் 'இட் சீம்ஸ்' போடறாங்க. உனக்கு மட்டும் என்ன கிரீடமா எறங்கிடும்? பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்லு, கேட்டதைக் கேட்டேன்னு சொல்லு. இல்லேன்னா மொத்தமும் அந்தெ-கந்தெ."

வதந்திக்குக் கன்னடத்தில் உள்ள பேச்சு வார்த்தை அது. என் அப்பாவின் வாழ்க்கையை, நான் ராப்பகலாக எழுதியதை, அந்தெ-கந்தெ என்றாய். கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். முழுக் கட்டுரைக்கும் 'ஆம்' போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பா பிறந்தாராம், படித்தாராம், ரயில் ஏறினாராம், தினமும் காலையில் பழைய சட்டைத் துணியால் ஸ்கூட்டரைத் துடைத்தாராம். நான் வாசிக்க வாசிக்க நீ சிரித்த சிரிப்பில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார். சிரித்து முடித்துவிட்டு, "ஸ்கூட்டர் துடைச்சதை நீ பார்த்திருப்பியே?" என்றாய்.

"தினம் பார்த்திருக்கேன். துடைச்சுட்டு அந்தத் துணியை உதறி ஹேண்டில்லயே காயப் போடுவார்."

"அதுல மட்டும் அந்த 'ஆம்' எடுத்துடு."

எடுத்தேன். அத்தனை 'ஆம்'களுக்கும் நடுவில் அந்த ஒரு வரியில் அப்பா நேரில் வந்து நின்றார். மழையெல்லாம் பெய்யவைத்தபோது வராதவர், ஒரு துணியை உதறிக்கொண்டு வந்தார். உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஒப்புக்கொள்ளாமல் டீ குடிக்கப் போய்விட்டேன். நீயும் பின்னாலேயே வந்து என் டீயில் பாதியைக் குடித்தாய்.

நீ எழுதியவை எல்லாம் ஒரு பக்கத்துக்கு மேல் போனதில்லை. பார்த்ததை மட்டும் எழுதினால் எப்படிப் போகும்? உனக்குக் கற்பனையே கிடையாது என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். "ஆமா, அது உன்கிட்டதான் நெறைய இருக்கே" என்பாய். உன் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி பற்றாமல் போனதையும், குறை சொன்ன உன் நாத்தனார் கையில் இருந்த காலித் தட்டையும் நீ எழுதியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்த நாத்தனாரோடு அதன்பின் நீ பேசவும் இல்லை.

அந்த விஷயத்தில் நீ ஒரு விசித்திரப் பிறவி. தெரிந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கவும் மாட்டாய், அவர்களை மன்னிக்கவும் மாட்டாய். முன்பின் தெரியாதவர்களிடமோ எடுத்ததற்கெல்லாம் "க்ஷமிஸி". அரசாங்க ஆபீசில் காலமெல்லாம் கன்னடக் கோப்பு எழுதிய பழக்கம். ஊரே 'சாரி' என்று சொல்லிவிட்டுப் போகும்போது நீ மட்டும் பஸ்ஸில் கால் மிதித்தால் க்ஷமிஸி, ஆட்டோவில் சில்லறை இல்லையென்றால் க்ஷமிஸி. "ஏனு மேடம், வார்த்தெ ஓதுத்தா இதீரா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார், டிவி செய்தி வாசிக்கிறீர்களா என்று. அவரிடமும் க்ஷமிஸி என்றாய்.

இதனால்தான் அந்தக் கடைசி வார்த்தை எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சர்ச்சில் நினைவுக் கூட்டம். ஆளாளுக்கு எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தி நீ அருமையாகப் பாடுவாய் என்றாள். பாடகர் குழுவில் உன்னைப் பின்வரிசைக்கு அனுப்பிவைத்த கதையை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உன் வீட்டுக்காரர் எழுந்தார். "எல்லாரையும் மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனா" என்றார். முன்வரிசையில் உன் நாத்தனார் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நம்பவும் முடியவில்லை, இல்லையென்று சொல்லவும் நான் யார்? ஆகவே 'ஆம்' போட்டேன். நீ கொடுத்த கருவி. அது உன் வீட்டுக்காரரின் மனசைக் கிழிக்கும் என்று நீ சொல்லித்தரவில்லையே.

செயலாளரிடம் பேசிய கையோடு மெட்ரோ பிடித்து, ஆட்டோ மாறி உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உன் செருப்பு இன்னும் கிடக்கிறது. அவர் கதவைத் திறந்ததும் உட்காரச் சொல்லக்கூட இல்லை.

"நான் பொய் சொல்றேன்னு ஊருக்கே சொல்லப் பார்த்தீங்களே சிஸ்டர்."

"அப்படி இல்லேண்ணா. எனக்கு நீங்க சொன்னது, அவ்வளவுதான் அர்த்தம்."

"படிக்கறவங்களுக்கு அப்படியா படும்? ஆம்னு போட்டாலே நம்பலைன்னுதானே?"

அவர் சொன்னதும் சரிதான், அதுதான் கஷ்டம். உன்னிடம் இந்தக் கேள்வியை நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. நீயும் பதில் சொன்னதில்லை. பொறுமை போய், என் வாயிலிருந்து உன் வார்த்தை வந்துவிட்டது.

"அண்ணா, நீங்க இருந்தீங்களா அங்க?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனைவியை இழந்தவரிடம் கேட்கிற கேள்வியா? அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு, தானும் எதிரில் உட்கார்ந்தார்.

"காபி குடிக்கக் கீழ போயிருந்தேன் சிஸ்டர். அவதான் போயிட்டு வாங்கன்னு தொரத்துனா. திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. கூட இருந்த நர்ஸ் டியூட்டி மாறிப் போயிட்டா. வேற ஒரு பொண்ணுதான் சொன்னா."

"என்ன சொன்னா?"

அவர் அதை அந்தப் பெண் சொன்னபடியே கன்னடத்தில் சொன்னார். "நீரு செல்பிட்ரந்தெ, க்ஷமிஸி அந்த்ரந்தெ."

தண்ணீரைக் கொட்டிவிட்டாயாம். மன்னியுங்கள் என்றாயாம்.

"தண்ணி கொட்டினதுக்கு மன்னிப்பு கேட்டுட்டுப் போயிட்டான்னு அத்தனை பேர் முன்னாடி எப்படி சிஸ்டர் சொல்றது? எதிர்ல என் தங்கச்சி வேற அழுதுட்டு உக்காந்திருந்தா. வாயில அப்படி வந்துடுச்சு. அப்புறம் எல்லாரும் அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கே அதான் நெஜம்னு ஆயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், அது அழுகையாகிவிட்டது. உன்னை முன்பின் அறியாத ஒரு நர்ஸிடம், தண்ணீர் கொட்டியதற்காக, அந்தக் கோப்புக் கன்னடத்தில் ஒரு க்ஷமிஸி. நூறு பேர் நூறு கடைசி வார்த்தை சொன்னாலும் இதுதான் நீ என்று நான் அடித்துச் சொல்லியிருப்பேன். அந்தப் பெண்ணும் என்ன ஒழுங்கு பார்! தான் பார்க்காததற்கு இரண்டு இடத்திலும் 'அந்தெ' போட்டுத்தான் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து சர்ச்சுக்கு வருவதற்குள் இவர்தான் இரண்டையும் தொலைத்திருக்கிறார்.

"இதையா எழுதப் போறீங்க?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னாத்தாண்ணா. இல்லேன்னா அந்த வரியையே எடுத்துடறேன்."

"எழுதுங்க. தங்கச்சிகிட்ட நான் சொல்லிக்கறேன். அந்த ஆம் இருக்கட்டும் சிஸ்டர். நான்தான் இல்லையே."

அங்கேயே உட்கார்ந்து செயலாளருக்கு அனுப்பினேன்: "தண்ணீரைக் கொட்டிவிட்டாராம். 'க்ஷமிஸி' என்றாராம்." கூடவே, இரண்டு 'ஆம்'களில் ஒன்றைத் தொட்டாலும் கட்டுரையே வேண்டாம் என்றும் எழுதினேன். "என்னம்மா இது, இப்படியா முடிப்பாங்க?" என்று பதில் வந்தது. இப்படித்தான் முடிந்ததாம், சார்.

உன்னால் எனக்கு நிம்மதியே போய்விட்டது, தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி எதையாவது சொன்னால் மனசு தானாக ஒரு 'ஆம்' சேர்த்துக்கொள்கிறது. அப்பாவின் மழை நின்றது நின்றதுதான். இன்றுவரை ஒரு தூறல்கூடப் போட முடியவில்லை. இத்தனையும் செய்துவிட்டு எனக்கு ஒரு க்ஷமிஸி சொன்னாயா? நான் தெரிந்தவள் ஆயிற்றே, எப்படிச் சொல்வாய்.

கிளம்பும்போது உன் வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார். உன் செருப்பைக் காலால் மெல்ல ஓரமாகத் தள்ளிவிட்டு, "அன்னிக்கு அந்தக் காபி நல்லாவே இல்ல சிஸ்டர்" என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். இதற்கு 'ஆம்' கிடையாது. நான் இருந்தேன் அங்கே.