குண்டுமணியின் எடை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். உன் மகள் என்னைவிட நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் தொழிற்சாலையில் இரண்டு நிமிடம்தான் போன் கொடுக்கிறார்கள். அதில் ஒன்றரை நிமிடம் நீ அழுதுவிடுகிறாய். மிச்ச அரை நிமிடத்தில் நான் என்னத்தைச் சொல்வது? அதனால்தான் கடிதம். இதை வைத்துக்கொண்டு நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழலாம்.

முதலில் நல்ல செய்தி. ஆறாவது மாதத்தில் ஆறு கிலோ அறுநூறு இருந்த உன் குண்டுமணி, இந்த மாதம் ஏழு கிலோ நூறு. என் கையால் நானே நிறுத்து, நானே எடை அட்டையில் புள்ளி வைத்தேன். நல்ல எடைக்கான பச்சைப் பட்டைக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. பெற்றவள் இல்லாமல் பிள்ளை இளைத்துப் போகும் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாளே, அவளிடம் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

நீ விட்டுப் போன தடித்த போர்வை நினைவிருக்கிறதா? அதை வெட்டிவிட்டேன், கோபிக்காதே. எங்கள் மருத்துவமனையில் பிள்ளைகளை எடை பார்க்கும் தூளி நைந்து கைக்குட்டை மாதிரி ஆகியிருந்தது. காலை நேரத்தில் அந்த மெல்லிய துணியில் வைத்தாலே பிள்ளைகள் குளிரில் வீறிடும். உன் போர்வையை இரண்டாக மடித்து, உள்ளே பஞ்சு வைத்து, உடைந்த நாற்காலிக் காலை மேலே கட்டையாகக் கோத்து, புதுத் தூளி தைத்தேன். இப்போது ஒரு பிள்ளைகூட அழுவதில்லை. குண்டுமணி அதில் உட்கார்ந்ததும் துணியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். உன் வாசனை இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

நான் எடை பார்ப்பதை நீ பார்த்ததில்லையே, சொல்கிறேன். உத்தரத்தில் கடிகார முகம் வைத்த தராசு தொங்குகிறது. காலையில் வந்ததும் வெறும் கொக்கியைப் பார்த்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவேன். தாய்மார் பாயில் வைத்தே பிள்ளையைத் தூளிக்குள் உட்கார்த்துவார்கள். அப்படியே தூக்கி மாட்டுவேன், முள்ளைப் படிப்பேன், அப்படியே இறக்குவேன். பதினாறு வருடமாக இதே வேலை. ஒரு நாள் ஒரு கிராம் தவறியதில்லை. இந்த மாதம் வந்த பிள்ளைகள் எல்லோருமே நன்றாக ஏறியிருக்கிறார்கள். டாக்டரம்மாகூட, "உன் கை ராசியான கைதான்" என்று சிரித்தார்.

நடுவில் நாலைந்து நாள் குண்டுமணிக்கு வயிற்றோட்டம் இருந்தது. பயப்படாதே. கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன், நின்றுவிட்டது. எடை இவ்வளவு ஏறியிருப்பதைப் பார்த்தால் பால் கெட்டியாகப் போவதுதான் வயிற்றுக்கு ஆகவில்லை என்று தோன்றுகிறது. அதனால் பால்மாவு நாலு கரண்டி போடுகிற இடத்தில் மூன்று போடுகிறேன். வயிற்றோட்டம் வந்து எடையும் ஏறியிருந்த பிள்ளைகளின் தாய்மாருக்கும் அதையே சொன்னேன்.

கவுன் வாங்க அளவு கேட்டாயே. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு உள்ளதாகவே வாங்கு. நீ வருவதற்குள் இவள் அதையும் கிழித்துவிடுவாள்.

இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள்.

அன்புடன்,
உன் அக்கா

&nbsp;

அன்புள்ள தங்கைக்கு,

உன் பதில் வந்தது. கவுன் மஞ்சள் நிறம், பை வைத்தது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி.

குண்டுமணி சுகம். இந்த மாதம் ஆறு கிலோ எழுநூறு. இறங்கிவிட்டதே என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. போன மாதம் அரை கிலோ ஏறினாள், இப்போது நானூறு கிராம் இறங்கியிருக்கிறாள், இன்னும் நூறு மிச்சம்தான். பல் முளைக்கிற வயது, வயிறும் இரண்டு தடவை போனது. பச்சைப் பட்டையை விட்டு வெளியே போகவில்லை. நான் பார்க்காத பிள்ளையா?

ரொம்ப சமர்த்தாகிவிட்டாள். முன்பெல்லாம் பால் புட்டியைக் கண்டால் வீட்டையே இரண்டாக்குவாள். இப்போது வைத்த இடத்தில் இருக்கிறாள். பகலில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுத் தையல்காரி, "இப்படி ஒரு தங்கமான பிள்ளையைப் பார்த்ததே இல்லை, இருக்கிற இடமே தெரியல" என்கிறாள். தவழ்வதை மட்டும் மறந்துவிட்டாள், சோம்பேறி. காலுறைதான் நிற்கமாட்டேன் என்கிறது, மாட்ட மாட்ட நழுவுகிறது. ரப்பர் தளர்ந்திருக்கும். வேறு வாங்க வேண்டும்.

ஒரு துக்கச் செய்தியும் உண்டு. நம் தெருச் சலவைக்காரிக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தது உனக்குத் தெரியும் அல்லவா? சின்னவன் போய்விட்டான். சளி என்று வந்தான், மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். டாக்டரம்மா அவன் எடை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடையெல்லாம் சரியாத்தானே இருந்திருக்கு, இவ்வளவு சீக்கிரம் எப்படி?" என்று என்னிடம் கேட்டார். திடமான பிள்ளையையும் சளி கொண்டுபோகும்தான். ஆனாலும் அந்தக் கேள்வி காதிலேயே இருக்கிறது.

சளிக்காலம் என்பதால் வருகிறவர்களிடம் எல்லாம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. கூட்டம் அதிகம். பிள்ளைகளின் மேல்கையைச் சுற்றி அளக்கிற, மெலிந்திருந்தால் சிவப்புக் காட்டுகிற வண்ண நாடாவை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். எடை நன்றாக இருக்கும்போது அது எதற்கு, இரட்டை வேலை.

சிரிக்க ஒரு விஷயம் சொல்கிறேன். நேற்று சர்க்கரை வாங்க மூலைக் கடைக்குப் போனேன். கடைக்காரனைத் தெரியுமே, கிலோவுக்கு ஐம்பது கிராம் அவன் கையிலேயே ஒட்டிக்கொள்ளும். விளையாட்டாகக் குண்டுமணியைத் தூக்கித் தராசில் உட்கார்த்திப் படிக்கல் போட்டான். ஐந்தரை கிலோவாம். பிள்ளையிலும் கை வைத்துவிட்டாயா என்று கேட்டேன். வழக்கமாகப் பல்லை இளிப்பவன் அன்று இளிக்கவில்லை. "சர்க்கரையில கை வைப்பேன்க்கா, பிள்ளையில வைப்பேனா? தராசு பொய் சொல்லாது, நான்தான் சொல்வேன். பிள்ளை லேசா இருக்குக்கா, பாருங்க" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். எடையைப் பற்றி எனக்கே சொல்கிறான். அவன் படிக்கல்லை நம்பி நான் நடக்கவா? அவன் கடையிலிருந்தே, தொழிற்சாலையில் ஒட்டி வந்த இரண்டு கிலோ மாவுப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். திங்கட்கிழமை அதை என் தராசில் மாட்டிப் பார்த்துவிட்டு, நேராகப் போய் அவன் தராசிலும் வைக்கப்போகிறேன். நாலு பேர் முன்னால் அவன் குட்டு உடையட்டும்.

ஆனாலும் இன்று காலை குளிப்பாட்டும்போது அவளை ஒரு கையால் தூக்கிவிட்டேன். முன்பு இரண்டு கை வேண்டியிருந்தது. எனக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அக்கா

&nbsp;

என் அன்புத் தங்கைக்கு,

இதை நீ உட்கார்ந்து படி. உன் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

குழந்தை உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்று நாலாம் நாள். உன் தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். மேற்பார்வையாளர் எடுத்தார். எழுத்தில் இல்லாமல் விடுப்புப் பேச்சே கிடையாது என்றார். டாக்டரின் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை தாய்மார் வருவதற்கு முன் மாவுப் பொட்டலத்தைத் தூளிக்குள் வைத்து மாட்டினேன். மூன்று கிலோ நூறு காட்டியது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டு கிலோ என்றுதான் அச்சடித்திருந்தது. பொட்டலத்தை எடுத்துவிட்டு வெறும் தூளியை மாட்டினேன். முள் ஒரு கிலோ நூறில் நின்றது.

அந்தத் தூளியை அதுவரை ஒரு நாளும் நான் வெறுமையாக மாட்டியதில்லை. முள்ளைப் பூஜ்யத்தில் வைப்பது வெறும் கொக்கிக்கு. தூளி ஏறுவது எப்போதும் பிள்ளையோடு. பழைய தூளிக்கு எடையே கிடையாது, அதனால் பதினாறு வருடம் என் பழக்கம் யாரையும் எதுவும் செய்யவில்லை. உன் போர்வையை, பஞ்சை, நாற்காலிக் காலை, எல்லாவற்றையும் நான் பிள்ளைகளின் உடம்பில் சேர்த்து எழுதியிருக்கிறேன். இரண்டு மாதமாக, முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.

மேசை இழுப்பறையிலிருந்து நாடாவை எடுத்து வீட்டுக்கு ஓடினேன். உன் மகளின் கையைச் சுற்றினேன். சிவப்பு. சமர்த்து என்று உனக்கு எழுதினேனே, அது சமர்த்து இல்லை. அழுவதற்குப் பலம் இல்லாத பிள்ளை அழாது. இதை எத்தனையோ தாய்மாருக்கு நான் சொல்லியிருக்கிறேன். காலுறை நழுவியது ரப்பரால் இல்லை. பாலில் தண்ணீர் கூட்டியது நான். வேறு ஒருத்தி அதைச் செய்திருந்தால் அவளை நடுக்கூடத்தில் நிற்கவைத்துத் திட்டியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் செவிலிப்பெண் பெயர் கேட்டாள். பழக்கத்தில் குண்டுமணி என்று சொல்லிவிட்டேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

இப்போது மூக்கு வழியாகக் குழாய் போட்டு, இரண்டு மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்துப் பால் போகிறது. இவ்வளவுதானா, இன்னும் கொடுங்கள் என்று நான் சண்டை போட்டேன். "பட்டினி கிடந்த உடம்பும்மா, ஒரேயடியா கொடுத்தா இதயம் தாங்காது" என்றார் டாக்டர். நெஞ்சில் சளியும் கட்டியிருக்கிறது, ஊசி போடுகிறார்கள். உடம்பு சில்லிட்டுவிடக் கூடாது என்று என் மார்போடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறேன். பிழைப்பாளா என்று கேட்டேன். இந்த வாரம் போகட்டும் என்றார்.

எங்கள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் பட்டியலை எழுதச் சொன்னார். அவரும் இன்னொரு செவிலியும் நாடாவோடு வீடு வீடாகப் போகிறார்கள். நேற்றுவரை பதினோரு வீடு. மூன்று சிவப்பு.

அதில் ஒருவன் சலவைக்காரியின் பெரியவன். பக்கத்துக் கட்டிலில்தான் இருக்கிறான். சின்னவனின் அட்டையை மறுபடி எடுத்து, புதுத் தூளியில் எடுத்த ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கிலோ நூறைக் கழித்துப் பார்த்தேன். அவன் சளியால் மட்டும் சாகவில்லை. அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சாப்பிடவில்லை என்று தன் குடுவையிலிருந்து எனக்கு வெந்நீர் ஊற்றித் தருகிறாள். "நீங்க மட்டும் பார்க்கலன்னா பெரியவனும் போயிருப்பான்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். உனக்கு எழுதி முடித்ததும் அவளிடம் சொல்லப்போகிறேன். அதன்பிறகு அவள் என்னை என்ன செய்தாலும் சரி.

நீயும் அப்படித்தான். வந்து என்னை அடி, முகத்தில் விழிக்காதே என்று சொல், எல்லாவற்றுக்கும் நான் கட்டுப்பட்டவள். ஆனால் வா. கடிதம் கிடைத்த அன்றே கிளம்பு. நீ கட்டியிருக்கும் புடவை ஒன்றைத் துவைக்காமல் எடுத்து வா. போர்வையை நான் வெட்டிவிட்டேன், அவளுக்கு உன் வாசனை வேறெதிலும் இல்லை.

அந்த மஞ்சள் கவுனைக் கடையில் கொடுத்துச் சின்ன அளவாக மாற்றிவிடாதே. நான் முன்பு சொன்ன அளவே இருக்கட்டும். அதைக் கொண்டுவந்து கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிடு. அவள் அதைப் போட்டு நிரப்புகிற நாள் வரட்டும்.

உன் அக்கா