ஞாயிறு சாப்பாடு நிற்கவில்லை, எஸ்தர்

என்னோடு வாதாடுவதற்கென்றே கர்த்தர் கொடுத்த என் எஸ்தருக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு ஆராதனையில் உன்னைப் பற்றிப் பேசச் சொல்லிப் போதகர் கேட்டார். "சுருக்கமா, அங்கிள், ஒரு சாட்சி மாதிரி" என்றார். எனக்குச் சுருக்கமாகப் பேச வராது. உன்னைப் பற்றி மற்றவர்களிடம் பேசவும் வராது. உன்னோடு பேசத்தான் வரும். அதனால் உனக்கே எழுதுகிறேன், அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

தமிழில்தான் எழுதுகிறேன். டேனியலுக்கும் ரூத்துக்கும் இதைப் படிக்கத் தெரியாது. ஊரோடு சேர்ந்து பிள்ளைகளிடம் நாமும் இந்திதானே பேசினோம்? ஆனால் நீயும் நானும் ஜெபம் செய்ததும் சண்டை போட்டதும் இந்த மொழியில். வேதாகமம் படிப்பதற்காக நான் எழுத்துக்கூட்டிக் கற்ற தமிழ் இது. தப்பு இருந்தால் நீ சிரித்துக்கொள்.

உன் அடக்க ஆராதனையில் உன்னை "சாந்தமான இல்லத்தரசி" என்று புகழ்ந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவ்வளவு துக்கத்திலும், சிரிப்பு வந்துவிட்டது. சாந்தமா? நீயா? சுவாவில், நம் சமபுலாவில் அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்வார்களா?

ராணுவம் முதல் தடவை ஆட்சியைப் பிடித்த வருடம் அது. நம் தீவில் எல்லோரும் அதை "கூ" என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் கிடையாது, டாக்ஸி கிடையாது, கடை கிடையாது, வியாபாரம் கூடவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். இது கிறிஸ்தவ நாடு, ஓய்வுநாளை மதிக்க வேண்டும் என்றார்கள். நாமும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் நம் இந்திய முகத்தைப் பார்த்து யாரும் அதை நினைத்துக்கொள்ளவில்லை.

மேட்டு வீட்டில் கமலா இருந்தாள். பச்சை உடம்புக்காரி, குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அவள் கணவன் சுப்பையா டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தபோது யாரோ கல்லெறிந்து கை உடைந்து, கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தான். தீவின் மறுபக்கம் லோவுவில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா பயந்துபோய் வர முடியாமல் இருந்தாள். தினமும் நீதான் சமைத்துக் கொண்டுபோனாய். ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம் போல ஒரு பெரிய குண்டான் நிறைய பூண்டு போட்ட மீன் குழம்பும், சோறும், தேங்காய்ப்பாலில் வேகவைத்த தாலோ என்கிற சேப்பங்கீரையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாய்.

கொஞ்ச நேரத்தில் அதே குண்டானோடு திரும்பி வந்தாய். முகம் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ரோட்டு மூலையில ஒரு சிப்பாய் கம்பு கட்டி வழிய மறிச்சு வெச்சிருக்கான். விக்கறதுக்குக் கொண்டுபோறேன்னு சொல்றான். இல்லப்பா, பிள்ளை பெத்தவளுக்குன்னு சொன்னா நம்பமாட்டேங்கறான். ஞாயித்துக்கிழமை வியாபாரம் கூடாதாம். திரும்பிப் போன்னுட்டான்."

எனக்குப் பயம். "விடு எஸ்தர். நாளைக்குக் கொண்டுபோலாம்" என்றேன்.

"பிள்ளைக்குப் பால் குடுக்கறவளுக்கு இன்னிக்குப் பசிக்காதா?"

உன் கையிலிருந்து குண்டானை வாங்கி மேசையில் வைத்தேன்.

நீ உள்ளே போய் உன் நீலப் புடவையை, கிறிஸ்துமஸுக்குக் கட்டும் புடவையை, கட்டிக்கொண்டு வந்தாய். டேனியலுக்கும் ரூத்துக்கும் கோயில் உடுப்பு. என்னையும் டை கட்டச் சொன்னாய். குண்டானில் இருந்ததைத் தூக்குச்சட்டிகளில் பிரித்து ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்தாய். இன்னொரு கையில் ஆளுக்கு ஒரு பாட்டுப் புத்தகம். உச்சி வெயிலில், டை கட்டிக்கொண்டு, குழம்புச் சட்டியோடு நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் எனக்கு வேர்க்கிறது.

அதே சிப்பாய். சின்ன வயசு, துப்பாக்கி அவனைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நம்மைப் பார்த்ததும் இந்தியில் கேட்டான்: "மறுபடியுமா, மராமா?" அவர்கள் மொழியில் 'அம்மா' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான், அதைச் சொல்ல வேண்டும்.

"ஆராதனைக்குப் போறோம்" என்றாய் நீ.

"சர்ச் அந்தப் பக்கம் இருக்கு."

"ரெண்டு மூணு பேர் என் பேரால கூடற இடத்துல நான் இருக்கேன்னு அவர் சொல்லியிருக்காரே. உன் பைபிள்ல அது இல்லையா?"

அவன் தூக்குச்சட்டியைக் காட்டி, "இது என்ன?" என்றான்.

"காணிக்கை" என்றாய். "திறந்து பாரு."

திறந்து பார்த்தான். மீன் குழம்பு வாசனை ரோடு முழுக்கப் பரவியது. அவன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மூடியை மூடிவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கம்பைத் தூக்கினான். நான் அவனுக்கு நன்றி சொன்னேன். நீ சொல்லவில்லை.

"ஒரு தேங்க்யூ சொன்னா என்ன?" என்று கேட்டேன், கொஞ்ச தூரம் போன பிறகு.

"நான் பொறந்த ஊர் ரோட்டுல நடக்கறதுக்கு எவனுக்கு நான் தேங்க்யூ சொல்லணும்?"

கமலா வீட்டில் நம் கோலத்தைப் பார்த்து சுப்பையா ஒரு கையாலேயே எழுந்து உட்கார்ந்துவிட்டான். கதையைச் சொன்னதும் கமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நீ அவளிடம் கேட்டாய்: "கமலா, உங்க வீட்டுல ஒரு பாட்டு பாடி ஜெபம் பண்ணிக்கலாமா? ஆராதனைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பொய்யாயிடக் கூடாது."

"சாமி படமெல்லாம் மாட்டியிருக்கே, அக்கா."

"அவங்க பாட்டுக்கு இருக்கட்டும். நாங்க கோவிச்சுக்க மாட்டோம்."

பாடினோம். குழந்தை அழுதது. சாப்பிட்டோம். அந்தச் சட்டம் தளர்ந்து, கம்பை எடுக்கிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் டை கட்டிக்கொண்டு போனோம். கம்பை எடுத்த பிறகு, "இனிமே அவங்க இங்க வரட்டும்" என்று நீ நம் வீட்டு மேசையை நீட்டிப் போட்டாய். நான் வேலை பார்த்த பஸ் டிப்போவிலிருந்து பழைய பஸ் பலகை கொண்டுவந்து அதற்குக் கால் வைத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதானே ஊர் காலியாக ஆரம்பித்தது? கமலா குடும்பம் கனடாவுக்கு. நம் சபையில் மாதம் ஒரு வழியனுப்பு. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பெஞ்சு காலி. நீ யாரையும் குறை சொல்லவில்லை. ஊறுகாய் பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தாய். "போறதும் பாவமில்ல, இருக்கறதும் பாவமில்ல. பயந்துட்டு சோறு போடாம இருக்கறதுதான் பாவம்" என்பாய்.

பெண்கள் ஐக்கியத்தில் நீ பேசினதை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன், உனக்குத் தெரியுமா? "நாள் பூரா அடுப்படியிலயே போயிடுது, நாம என்னத்தச் செஞ்சோம்னு யாரும் அழாதீங்க. இந்த ஊர்ல நிலம் நம்மளது இல்லன்னு சொல்றாங்க. சரி, இல்லாம போகட்டும். மேசை நம்மளது. அதுல யாரை உக்கார வெக்கணும்னு எந்த கவர்மெண்டும் சொல்ல முடியாது." இதையா சாந்தம் என்கிறார்கள்?

இரண்டாயிரமாம் ஆண்டில் மறுபடியும் கூ வந்தது. சுவாவில் கடைகளை உடைத்து எரித்தார்கள். புகை நம் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியில் எல்லாம் ஏறியது. நீ துணியை எடுத்து மறுபடி துவைத்தாய். அதன் பிறகு டேனியல் ஆக்லாந்துக்கும் ரூத் பிரிஸ்பேனுக்கும் போனார்கள். ஏர்போர்ட்டில் நீ அழவில்லை. வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கும்போது அழுதாய்.

இப்போது உனக்குத் தெரியாத செய்தி.

உன்னை அடக்கம் செய்த வாரத்தில் டேனியல் கேட்டான். அவன் பேசுவது இந்தியில், நான் தமிழில் எழுதுகிறேன்: "டாட், இனிமே இங்க என்ன இருக்கு? வீட்டை வித்துட்டு எங்களோட வந்துருங்க." வீட்டைக் கேட்டு ஒரு ஆளும் வந்துவிட்டான். உன் சாமான்கள் எல்லாம் அப்படியே இருக்க, அவன் சமையல்கட்டை அளந்து பார்த்தான். எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பு இல்லை. விற்பதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஆக்லாந்து போனேன்.

எஸ்தர், அந்த வீட்டில் குளிரைவிடப் பெரிய குளிர் ஒன்று இருந்தது. நம் மருமகள் ரோஸ்லினுக்கு முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலை. டேனியலுக்குக் கிடங்கில் பகல் வேலை. ஒருத்தர் வரும்போது ஒருத்தர் போவார். ஒருவரோடொருவர் பேசுவதே போனில் செய்தி அனுப்பித்தான். நம் பேத்தி நவோமி தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். புருஷனும் பெண்சாதியும் பிரிந்துவிடலாமா என்று பேசும் அளவுக்குப் போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

"என்னப்பா இது?" என்று கேட்டேன்.

"இங்க எல்லாரும் இப்படித்தான், டாட்."

அந்த வார்த்தையில்தான் எனக்குக் கோபம் வந்தது. எல்லோரும் பயந்திருந்தபோது நீ பயந்தாயா? உன் மகன் அதைக் கண்ணால் பார்த்தவன் இல்லையா?

அந்த ஞாயிறு நான் சமைத்தேன். ஆமாம், நான்தான். தண்ணீர் கொதிக்க வைக்க மட்டும் தெரிந்தவன் பருப்பும் கோழிக்கறியும் வைத்தேன். ரோஸ்லின் தூக்கக் கண்ணோடு வந்து, "மாமா, ஞாயித்துக்கிழமைதான் நான் தூங்கற நாள்" என்றாள், பாவம்.

"தூங்கும்மா. ஆனதும் எழுப்பறேன். நீ ஒன்னும் செய்ய வேண்டாம்."

பருப்பு அடிபிடித்துவிட்டது. "கருகிப் போச்சு, தாத்தா" என்று நவோமி மூக்கைப் பொத்தினாள். டேனியல் தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் நகர்ந்தான். "உக்காரு" என்றேன். அப்பன் குரலில் சொன்னேன். உட்கார்ந்தான். ஜெபம் செய்தேன். நீ செய்வது போல, ஆளுக்கு ஒரு காரியத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னேன். ரோஸ்லின் முறை வந்தது.

"யாரோ எனக்கு சமைச்சுப் போட்டாங்களே. அதுக்கு" என்றாள்.

டேனியல் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்த வீட்டில் அவன் அவளைப் பார்த்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு அவன் வெங்காயம் நறுக்கினான். அதற்கடுத்த ஞாயிறு மேசையிலேயே சண்டை வந்தது, பெரிய சண்டை. மனசில் இருந்ததை எல்லாம் இரண்டு பேரும் கொட்டினார்கள். நவோமி அழுதாள். யாரும் எழுந்து போகக் கூடாது என்று மட்டும் ஜெபித்தேன். யாரும் போகவில்லை. சோறு ஆறிப்போனது. கடைசியில் டேனியல் எழுந்து குழம்பைச் சுடவைத்து முதலில் ரோஸ்லின் தட்டில் போட்டான். அவள் சாப்பிட்டாள். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மாதமே அவன் முதலாளியிடம் பேசி எல்லா ஞாயிறும் விடுப்பு வாங்கினான். பிரிகிற பேச்சு நின்றது.

பிறகு நான் புறப்பட்டேன். "நீங்க இருந்தா நல்லா இருக்குமே, டாட்" என்று கெஞ்சினான்.

"நான் இருந்தா நான் சமைப்பேன். நான் போனாத்தான் நீ சமைப்பே" என்றேன்.

வீட்டைக் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். கிழவனுக்குப் பிடிவாதம் என்று நம் சபையிலேயே பேசுகிறார்கள். பேசட்டும். மறுபடி கூ வந்தால் என்ன செய்வீர்கள் என்று ரூத் கேட்கிறாள். வந்தால் அன்றைக்கும் உலை வைப்பேன், வேறென்ன? இந்த மண்ணில் பிறந்தேன், இந்த மண்ணில் உன்னைப் புதைத்தேன். இது என் ஊர் இல்லை என்று இனி எவன் சொல்வான்?

ஞாயிறு மேசை மறுபடி நிரம்புகிறது. தமிழ் ஆராதனைக்கு வரும் பெரியவர்கள் வருகிறார்கள். மேட்டு வீட்டில் இப்போது செருவும் மேரேயும் இருக்கிறார்கள், பள்ளிக்கூட வாத்தியார் தம்பதி, இந்த மண்ணின் ஆதிக் குடிகள். அவர்கள் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டு வருகிறார்கள். என் குழம்பில் உப்பு அதிகம் என்று மேரே முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். உனக்கு அவளைப் பிடித்திருக்கும்.

ஞாயிறு பரவாயில்லை, எஸ்தர். திங்கட்கிழமைதான் கஷ்டம். வந்தவர்கள் போய்விடுவார்கள். நேற்றுச் சோற்றில் குழம்பை ஊற்றி, அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, சட்டியிலிருந்தே அள்ளித் தின்றுவிட்டுப் போய்ப் படுத்துவிடுவேன். யாருக்காகத் தட்டு வைப்பது என்று தோன்றும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

சென்ற வாரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பயமுறுத்தியவர்களுக்கு எல்லாம் தலைகுனியாத வீட்டில், தனிமைக்கு மட்டும் தலைகுனிவதா?

ஆகவே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், இத்தனை பேர் கேட்க. இனி நின்றுகொண்டு சாப்பிட மாட்டேன். ஒரே ஆளாக இருந்தாலும் மேசையைத் துடைத்து, தட்டு வைத்து, தண்ணீர் வைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சத்தமாக ஜெபம் செய்துதான் சாப்பிடுவேன். திங்கட்கிழமையும் அப்படித்தான் சாப்பிடுவேன். கர்த்தர் என்னைக் கூப்பிடுகிற நாள் வரைக்கும்.

சமபுலாவிலிருந்து,
உன் வீட்டுக்காரன்
சாமுவேல்