ராஜத்துக்குப் புது மாத்திரை

12-6-1961

மாலை நாலு இருபதுக்கு ஆஸ்பத்திரி டாக்டர் நான் வேலை பார்க்கும் மின்சார சப்ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். காசநோய்க்குப் புது மாத்திரை பரிசோதிக்க மதராஸிலிருந்து வருகிறார்களாம். தென்காசிக்காரர்களையும் சேர்ப்பார்களாம். போன மாதம் என் மனைவி அந்த நோயில்தான் போனாள். இப்போது அவள் தங்கை ராஜத்துக்கும் அதே இருமல். பெற்றவள் சம்மதித்தால் போதுமாம்.

டியூட்டியை மாற்றிவிட்டு மாமியாரிடம் ஓடினேன்.

"பேரக் குடுத்தா ஊருக்கே தெரிஞ்சுபோவும் மாப்பிள. ஆவணில இவளப் பொண்ணு பாக்க வருதாவ. குத்தாலத்துல சாரல் விழுது. அருவில குளிச்சா சரியாயிரும்."

"மூத்தவளுக்கும் இதத்தான சொன்னிய அத்தை?"

"போன வருசம் சாரலே சரியில்லியே!"

உள்ளே ராஜம் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

சப்ஸ்டேஷனுக்கே திரும்பி வந்துவிட்டேன். ராஜத்தின் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டு டாக்டர் மறுபடி கூப்பிடுவார். மணி அடிக்காதபடி போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருக்கிறேன்.