நாற்பத்து மூன்று கிலோவுக்குள் பவி

அம்மாவுக்குப் பிறகு என் முதுகில் உரிமையோடு அறைந்த ஒரே ஆளான என் அக்காவுக்கு,

பெங்களூர் அடுகோடியிலிருந்து சேகர் எழுதுகிறேன். அதே முதல் மாடி வீடு, கீழே அதே வெல்டிங் பட்டறை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ் ஆட்களில் யாருக்கு எந்த கேப் வண்டி என்று பிரித்துவிட்டுத் திட்டு வாங்கும் அதே வேலை. சுற்றி வளைத்தால் "விஷயத்துக்கு வாடா" என்பாய், வந்துவிடுகிறேன். உன் மகள் பவி என்னோடு பேசுவதில்லை. ஆகஸ்டில் நிறுத்தினாள், இப்போது கிறிஸ்துமஸ் ஸ்டார் எல்லாம் தெருவில் தொங்க ஆரம்பித்துவிட்டது.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வராத அந்த வருஷமும் அவள் இப்படித்தான் இருந்தாள். ஞாபகம் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்கவந்தேன், அதை நீ எப்படிப் பார்த்திருப்பாய்? உன் வீட்டுக்காரர் காரியம் முடித்து மஸ்கட்டுக்கே திரும்பிவிட்டார். லீவு அவ்வளவுதான், அவரைக் குறை சொல்லவில்லை. பிள்ளை எங்களிடம் வந்தாள். கேட்டால் தலையாட்டுவாள், தட்டு வைத்தால் நாலு வாய் தின்பாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

சுமதிதான் அவளை பாக்சிங் வகுப்பில் கொண்டுபோய் விட்டாள். ஆமாம், என் மனைவி சுமதிதான். பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறுகிற சுமதி. பக்கத்துத் தெரு சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் ஸ்டீபன் சார் என்று ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார். பிரேசர் டவுன்காரர், பூர்வீகம் நம்மைப்போலக் கோலார் தங்கவயல். "பேசாத புள்ளையா? பரவால்லக்கா, இங்க கைதான் பேசணும்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டாராம். முதல் வாரம் முடிந்து ஒரு நாள் வேர்த்து வழிய வீட்டுக்குள் வந்த பவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் "அத்தை, பசிக்குது" என்றாள். அவளாக வாய்திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. சுமதி தோசைக்கல்லைப் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

அந்த வகுப்பு அவளுக்குச் செய்ததை நான் மறைக்கமாட்டேன். தூங்கினாள். சண்டை போட்டாள், சமாதானமானாள். தோற்றுவிட்டு வந்து, தோற்கடித்தவளின் டிபன் பாக்ஸிலேயே சாப்பிட்டாள். கன்னடப் பிள்ளைகளோடு சேர்ந்து கன்னடத்தில் கேலி பேசக் கற்றுக்கொண்டாள். கணக்கில் மார்க் கூடியதா என்றால் இல்லை, அதில் அவள் அச்சு அசல் நீ.

நம் காலத்தில் கோலாரில் பிள்ளைகள் சும்மா ஆடினோம், அதுதான் நிஜமான விளையாட்டு என்று கதைவிட எனக்கு வாய் வராது. பந்து கேட்டதற்காக உன் முன்பல்லை உடைத்தார்கள். பொட்டப்பிள்ளை என்று உன்னைக் கடைசிவரை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. பவிக்கு ஒரு கூடம் இருந்தது, அவளுக்கென்று நேரம் இருந்தது, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு சார் இருந்தார். உனக்கு அதில் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

அப்புறம் போன வருஷம் அவள் பெரியமனுஷி ஆனாள், அக்கா.

உன் இடத்தில் நின்று எல்லாவற்றையும் சுமதி செய்தாள், என் இடத்தில் நான் நின்றேன். தாய்மாமன் சீர் என்று புடவை, வளையல், மாலை, ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆம்பூரிலிருந்து அத்தைகள் வந்து இறங்கினார்கள். உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெயில் பச்சை முட்டை. தாயில்லாப் பிள்ளை என்று ஆளாளுக்கு இரண்டு உருண்டை கூடவே ஊட்டினார்கள். இடுப்பெலும்பு வலுக்கட்டும், உடம்பு பிடிக்கட்டும் என்று ஊட்டியதுதான். உடம்பும் பிடித்தது. கன்னம் வந்தது, ஒரு விரல் உயரமும் வந்தது. மஞ்சள் நீர் ஊற்றிய அன்று அவளைப் பார்த்து நான் மொட்டை மாடியில் போய் நின்றுகொண்டேன், உன்னைப் போலவே இருந்தாள்.

திரும்ப வகுப்புக்குப் போனதும் ஸ்டீபன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, ஃபங்ஷன் சாப்பாடு பிரமாதம். ஆனா பாப்பாவ இப்படி ஏத்திவிட்டுட்டீங்களே. நாற்பத்து மூணு கிலோவுல ஆடறவ இப்ப நாற்பத்தாறு தாண்டிட்டா. அந்த எடையில நம்மகிட்ட வேற ஒரு பொண்ணு, சீனியர், இருக்கா. ஒரு கேட்டகரிக்கு ஒருத்திதான் அனுப்ப முடியும். மூணு கிலோ இறக்கிடுங்க, ஸ்டேட் போட்டிக்கு இவதான்."

மூன்று கிலோ என்று காய்கறிக் கடையில் சொல்வதைப் போலச் சொன்னார். எனக்கும் அப்போது பெரிதாகப் படவில்லை.

அவர் கெட்டவராக இருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். வசதியில்லாத பிள்ளைகளுக்குத் தன் வீட்டிலிருந்து முட்டை அவித்துக் கொண்டுவருகிறவர். எந்தப் பெண்பிள்ளையின் மேலும் ஒரு தப்பான பார்வை கிடையாது. அவரும் சின்ன வயதில் இப்படித்தான் இறக்கினாராம், அவருடைய சாரும் அப்படித்தானாம். எல்லாரும் செய்வதை நல்ல மனதோடு செய்கிறார். அதுதான் அக்கா எனக்குப் பயமாக இருக்கிறது, யாரைப் பிடித்து நான் சட்டையை உலுக்குவது?

வீட்டில் எடை மெஷின் வந்தது. சோறு போனது, சப்பாத்தி வந்தது, அப்புறம் அதுவும் பாதியானது. வெயிலில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றி ஓடினாள். கீழே பட்டறைக்காரர் "ஏம்மா, வானத்துல மேகமே இல்லையே" என்று கிண்டல் பண்ணுவார், இவளும் சிரிப்பாள். பாத்ரூம் போவதற்கு முன் ஒரு தடவை மெஷினில் ஏறுவாள், வந்து ஒரு தடவை. ஒரு நாள் பஸ்ஸில் புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு பாட்டிலுக்குள் துப்பிக்கொண்டே வந்தாள். என்ன அசிங்கம் இது என்றேன். "எச்சியும் வெயிட்டுதான் மாமா. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். பாடத்தில் வந்த கேள்விக்குப் பதில் சொல்வதைப் போலச் சொன்னாள்.

ஒரு காலை சுமதி என் சட்டையை மடித்துக்கொண்டே, "ஏங்க, பாப்பாவுக்கு மூணு மாசமா வரல" என்றாள். என்ன வரல, லெட்டரா என்று கேட்டேன். "உங்ககிட்ட எப்படித்தான் சொல்றது" என்று தலையில் அடித்துக்கொண்டு, பிறகு சொன்னாள். முதலில் என் புத்தி எங்கே போயிற்று என்பதை உனக்கு எழுதமாட்டேன். வகுப்பில் யார் யார் வருகிறார்கள் என்று மனதுக்குள் ஒவ்வொரு முகமாக ஓட்டிப் பார்த்தேன். அன்றைக்கு ஆபீஸில் யாரை எந்த வண்டியில் ஏற்றினேன் என்று எனக்கே தெரியாது.

டாக்டரம்மா பவியின் கண்ணை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், சுமதி பக்கம் திரும்பி, "ஈ மகு ஊட்டானே மாட்தில்லா" என்றார். பிள்ளை சாப்பிடுவதே இல்லை, அவ்வளவுதான் விஷயம். உடம்புக்குப் போதவில்லை, அதனால் உடம்பே அதை நிறுத்தி வைத்திருக்கிறது, எலும்பு கெட்டியாக வேண்டிய வயதில் இப்படியே விட்டால் எலும்பில் கைவைக்கும் என்றார். ஐந்து வீட்டு உளுந்தை ஊட்டி நாம் எதற்காக அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தோமோ, அதையே பட்டினி போட்டு நிறுத்திவிட்டார்கள். பவி விரல்களை மடக்கி நகத்தை மறைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும், "செலக்‌ஷன் முடியட்டும் அத்தை, அப்புறம் சாப்பிடறேன்" என்றாள்.

நான் சாரிடம் போனேன். "எனக்குப் புரியுது அண்ணா. ஆனா எல்லாப் பொண்ணுங்களுக்கும் இது ஆகும், சீசன் முடிஞ்சா சரியாயிடும்" என்றார். உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "இத்தன நாள் உழைச்சிருக்கா சேகர், இந்த ஒண்ணு மட்டும் ஆடட்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட் கெடைச்சா நல்லதுதான" என்றார். அவர் குரலிலும் பயம் இருந்தது. நானும் சரி என்றேன்.

ஆகஸ்டில் செலக்‌ஷன். எடை போடும் கூடத்துக்குள் நுழைந்தபோது எனக்கு ஆஸ்பத்திரி வாடை அடித்தது. வாடை ஒன்றும் இல்லை, எனக்குத்தான் அப்படி. சுவரோரம் வரிசையாகப் பிள்ளைகள், ஆளுக்கொரு பாட்டில், ஆளுக்கொரு உதடு வெடித்த முகம். ஒரு அம்மா மகளுக்கு மேல் கம்பளி போர்த்தி அணைத்துக்கொண்டிருந்தாள், குளிருக்காக இல்லை, வேர்க்க வைக்க. யாருக்கும் இது விநோதமாகத் தெரியவில்லை. கேன்டீனிலிருந்து தோசை வாசம் வந்தபோது எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

பவிக்குக் கொஞ்சம் கூடுதல் காட்டியது. ரெயின்கோட்டோடு கூடத்தைச் சுற்றி ஓடச் சொன்னார் சார். ஓடினாள். வேர்வை வரவில்லை அக்கா. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து சுட்டது. வேர்ப்பதற்கு அவளுக்குள் எதுவும் மிச்சமில்லை. "முடிய கொஞ்சம் எடுத்துடலாமா பாப்பா?" என்றார் சார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவளே ரிப்பனை உருவி, முதுகைத் திருப்பி நின்றாள். சுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். பாதிப் பின்னல் போயிற்று.

திரைக்குப் பின்னால் போய் வந்தவள், "கரெக்ட் வெயிட் மாமா" என்றாள். சிரித்தாள், உதட்டில் ரத்தம் கசிந்தது. சார் கைதட்டினார், கூட இருந்த பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

உன்னையும் இப்படி ஒரு மெஷினில் ஏற்றுவார்களே அக்கா, ஒவ்வொரு முறையும் கேன்சர் ஊசிக்கு முன்னால். நர்ஸ் எண்ணைச் சொல்வதற்குள் நான் உன் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்ப்பேன். குறைந்திருந்தால் வெளியே போய் அழுதுவிட்டு, உனக்கு இளநீர் வாங்கி வருவேன். அதே எலும்புத் தோள், அதே வெட்டுப்பட்ட முடி. இங்கே குறைந்ததற்குக் கைதட்டுகிறார்கள்.

மேஜைக்குப் போய், பவித்ரா ஆடமாட்டாள், நான் அவளுடைய கார்டியன், பேரை எடுத்துவிடுங்கள் என்றேன். மேஜையில் இருந்தவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் சொன்னேன். சார் ஓடி வந்து, "அண்ணா, வெயிட் வந்தாச்சு அண்ணா, இப்பப் போய்" என்று என் கையைப் பிடித்தார். நான் உதறினேன்.

பவி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. எனக்கு நேராக வந்து நின்று, பிறந்ததிலிருந்து என்னை வா போ என்று கூப்பிட்ட பிள்ளை, "நீங்க யாரு? எங்க அப்பாவா நீங்க?" என்று கேட்டாள். பிறகு, "எங்கம்மா இருந்திருந்தா என்னை ஆட விட்டிருப்பாங்க" என்றாள். அதுதான் என்னோடு அவள் கடைசியாகப் பேசியது.

விட்டிருப்பாயா அக்கா?

சுமதியிடம் பேசுகிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். கூடத்துக்கு மறுபடி அனுப்ப நான் தயார், எந்த எடை இருக்கிறதோ அந்த எடையில் ஆடட்டும் என்று சாரிடம் சொன்னேன். மேல் கேட்டகரியில் இடமில்லை அண்ணா, சும்மா வேணா ப்ராக்டிஸுக்கு வரட்டும் என்றார். சும்மா வர அவள் தயாரில்லை. சாயங்காலம் ஆறு மணியானால் கையை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடுகிறாள், ஆனால் யாரும் பார்க்காதபோது. நின்றது இன்னும் வரவில்லை. டாக்டரம்மா பொறுங்கள் என்கிறார்.

தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அந்தக் கூடம்தான் உயிர் கொடுத்தது. அதே கூடம்தான் வளர்வது தப்பு என்றும் சொல்லிக்கொடுத்தது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுக்க எனக்கு வழி தெரியவில்லை, இரண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். நல்லதுதான் செய்தேன் என்று பகலில் நம்புகிறேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

பிள்ளையை எடைக்குள் அடைக்காமல் சொல்லிக்கொடுக்கிற ஒரு இடம் இந்தப் பெங்களூரில் எங்கேயாவது இருக்கும், ஒவ்வொரு ஞாயிறும் தேடுகிறேன், தேடிக்கொண்டே இருப்பேன். அவள் மறுபடி கிளவுஸ் மாட்டினாலும் சரி, மாட்டாமலே போனாலும் சரி. அவள் உடம்பு வளர்ந்ததற்காக எந்த மெஷின் முன்னாலும் அவளைக் குற்றவாளியாக நிற்க விடமாட்டேன், இது உன் மேல் சத்தியம். அதற்காக அவள் என்னோடு பேசமாட்டாள் என்றால், கல்யாணம் வரைக்கும் பேசாமலே இருக்கட்டும். அன்றைக்கு மணவறையில் மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமன் நான்தான் வரவேண்டும். நல்ல கனமான மாலையாக வாங்கி வருவேன், அதைத் தாங்குகிற உடம்போடு அவள் நின்றால் போதும்.

காது குத்தும்போது உன் மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவளைவிடச் சத்தமாக அழுத உன் தம்பி,
சேகர்